பழைய பெட்டிக்கு ஒரு பழைய மூளை!

பிளெண்டரில் பத்து செகண்ட் அனிமேஷனை ரெண்டரிங் போட்டுட்டு, மெஸ்ஸுக்குப் போய் நாலு தோசையை உள்ளே தள்ளி, அப்படியே செகண்ட் ஷோவும் பார்த்துட்டு வந்தா... இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கா? ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்குதா? புது கம்ப்யூட்டர்னு வாயைத் திறந்தாலே அப்பா முறைக்கிறாரா? இந்த வாரம் உங்களுக்குத்தான் பாஸ்!

கம்பெனிகள் கழித்துவிடும் வொர்க்ஸ்டேஷன்களை செகண்ட் ஹேண்டில் வாங்கி வெச்சிருக்கிற மாணவர்கள் நிறைய. அதுல ஒண்ணை எடுத்துக்குவோம். ஹெச்.பி. இசட்420. 2012-ல் வந்த மாடல். பல பெட்டிகளுக்குள் இருப்பது இன்டெல் ஸியான் இ5-1620. நாலு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ். அதே சாக்கெட்டில் 2013-ல் வந்த இ5-1650 வி2 உட்காரும். அது ஆறு கோர். இன்னும் ஆசைன்னா எட்டு கோர் இ5-2667 வி2. புதுசா வந்தப்போ இந்த எட்டு கோர் சிப்போட விலை 2,000 டாலருக்கு மேல். இன்னிக்கு செகண்ட் ஹேண்ட் ரேட்டைக் கேட்டா சிரிப்பு வரும்.

ஏன் இவ்ளோ சீப்? டேட்டா சென்டர்காரங்க சில வருஷத்துக்கு ஒருதரம் சர்வர்களை மொத்தமா மாத்திடுவாங்க. 2016 வாக்கில் இ5-2670 இப்படித்தான் மூட்டை மூட்டையா சந்தைக்கு வந்துச்சு. 1,500 டாலர் சிப், 100 டாலருக்கும் கீழே போச்சு. ஃபேன், ஹார்ட் டிஸ்க் மாதிரி சுத்துற பாகம் எதுவும் இல்லாததால பிராசசர் லேசில் கெடாது. செகண்ட் ஹேண்டில் கொஞ்சம் தைரியமா வாங்கலாம்னா அது இதைத்தான்.

உடனே பர்ஸைத் திறக்காதீங்க. இங்கதான் ஒரு வில்லன் இருக்கான்.

இசட்420-ல ரெண்டு ரகம் உண்டு. வெளியே பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. கம்ப்யூட்டரை ஆன் பண்ணி எஃப்10 தட்டி பயாஸுக்குள் போங்க. 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்துல 'பூட் பிளாக் டேட்'னு ஒரு வரி இருக்கும். அதுல 2013-னு இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, வி2 சிப் ஓடும். 2011-னு இருந்தா வி2 சாக்கெட்டில் அழகா உட்காரும், ஆனா கம்ப்யூட்டர் உயிர் பெறாது. 'பயாஸ் அப்டேட் பண்ணா சரியாயிடும் மாப்ளே'ன்னு எவனாவது சொல்வான். ஆகாது. அந்த பூட் பிளாக், சாதாரண அப்டேட் தொடவே முடியாத பூட்டிய அறை. 2011 போர்டுக்காரர்கள் வி2 இல்லாத முதல் தலைமுறை சிப்புக்குள்ளேயே தேடணும். அதனால செகண்ட் ஹேண்ட் பெட்டியே இனிமேதான் வாங்கப் போறீங்கன்னா, கடைக்காரர் முன்னாடியே ஆன் பண்ணி இந்த ஒரு வரியைப் பார்த்துட்டு பேரம் பேசுங்க. ஒரு நிமிஷ வேலை.

வாட் கணக்கும் முக்கியம். பழைய சிப் 130 வாட், மேலே சொன்ன ரெண்டு வி2-வும் 130 வாட். அதனால கூலரை மாத்த வேண்டாம். 150 வாட் சிப் ஒண்ணு மலிவா மாட்டுச்சுன்னு வாங்கிட்டு வந்து பெட்டியை இட்லி குக்கர் ஆக்காதீங்க. வாங்கும்போது சிப் முதுகைப் படிங்க. 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்'னு பொறிச்சிருந்தா அது சோதனைக்காக வெளியே போன சாம்பிள். விற்பனைக்கே வரக்கூடாத சரக்கு, நம்ம பயாஸ் அதை மதிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. இந்த வரிசையில் ஒழுங்கான சிப்பில் 'எஸ்ஆர்'னு ஆரம்பிக்கிற கோடு இருக்கும்.

சரி, சிப் கைக்கு வந்தாச்சு. பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸை லேட்டஸ்டுக்கு அப்டேட் பண்ணிடுங்க (கரன்ட் கட் ஆகாத நேரமா பார்த்து, யு.பி.எஸ். இருந்தா ரொம்ப நல்லது). அப்புறம் பிளக்கைப் பிடுங்கிட்டு, டார்க்ஸ் டி15 ஸ்க்ரூடிரைவரால் கூலரைக் கழட்டுங்க. இந்த சாக்கெட்டுக்கு ரெண்டு லீவர். பின்கள் சிப்பில் இல்லை, போர்டில் இருக்கு, மொத்தம் 2,011. விரலோ துணியோ பட்டு ஒண்ணு வளைஞ்சாலும் போர்டே காலி ஆகலாம். சிப்பை ஓரத்தில் மட்டும் பிடிச்சு, மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட் குறியோட பொருத்தி, மெதுவா வைங்க. அழுத்தவே கூடாது. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைச்சுட்டு, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும்.

ஆன் பண்ணதும் கோர் எண்ணிக்கையோட ரேமையும் எண்ணிப் பாருங்க. போட்ட ரேமில் ஒரு பங்கு காணோம்னா, சிப் சரியா உட்காரலை, இல்லை ஒரு பின் வளைஞ்சிருக்கு. பிறகு ப்ரைம்95-ஐ ஒரு மணி நேரம் ஓடவிட்டு சூட்டைக் கவனிங்க. கடைக்காரர் மாத்திக் கொடுக்கிறதா சொன்ன கெடுவுக்குள் இதை முடிச்சிடணும்.

யாருக்கு இது வேஸ்ட்? ஆட்டோகேடில் கோடு போடறவங்களுக்கு. அது பெரும்பாலும் ஒரே கோரை வெச்சுத்தான் பிழைப்பு நடத்துது. ஆறு கோர் இருந்தாலும் அஞ்சு பேர் வேடிக்கை பார்ப்பாங்க. ரெண்டரிங், பெரிய கோடு கம்பைல், சிமுலேஷன்காரங்களுக்குத்தான் லாபம். இன்னொண்ணு, சிப்பை மாத்தினாலும் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இந்தப் பெட்டி வராது. விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு. உபுண்டு போட்டுக்கோங்க, பிளெண்டர் அதுல ஜோரா ஓடும்.

கழட்டின 1620-ஐ டப்பாவில் பத்திரமா வைங்க. அதைவிட டொக்கு சிப்போட இசட்420 வாங்கின ஜூனியர் ஒருத்தன் எப்படியும் உங்க ரூம் கதவைத் தட்டுவான்.