விடிகாலை எச்சரிக்கையை நிப்பாட்டி விடலாமா?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றால் கமரா பூட்டுவது கிளிநொச்சியில் இப்போது வழக்கம். பரந்தனில் எங்கள் வீட்டிலும் உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா கோடையில் மாலை ஏழு மணிக்குக் கைபேசியில் அம்மாவின் முற்றத்தைப் பார்ப்பார். இங்கே அப்போது விடிகாலை நாலரை. கமராப் பெட்டி வெளி முகவரியோடு பேசினால் சொல் என்று ‘சூரிகாட்டா’ என்ற இலவசக் கண்காணிப்பு மென்பொருளில் நான் விதி எழுதி வைத்திருந்தேன். அது தவறாமல் எச்சரிக்கும். வீட்டு லினக்ஸ் கணினி தன்னைப் புதுப்பித்தாலும் சூரிகாட்டாவின் மற்ற விதிகள் எச்சரிக்கும். தம்பியின் கைபேசி ‘.டொப்’ என்று முடியும் ஏதாவது விளம்பர முகவரியைத் தேடினாலும் எச்சரிக்கும்.

“உதை நிப்பாட்டி விடுங்கோ” என்பதுதான் கமரா பூட்ட வருபவர்களின் வழக்கமான ஆலோசனை. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

ஒரு நாளில் ஒரு லட்சம் தொடர்புகள் நடக்கின்றன, அதில் ஒன்றுதான் தாக்குதல் என்று வையுங்கள். கருவி ஆயிரத்துக்கு ஒருமுறை மட்டுமே தவறினாலும் நூறு பொய் எச்சரிக்கைகள் வரும். சுவீடன் ஆய்வாளர் ஸ்டெஃபான் அக்செல்சன் 1999இலேயே இந்தக் கணக்கைக் காட்டிவிட்டார். ஆக, பொய் எச்சரிக்கை வருவதால் கருவி பழுது என்று ஆகிவிடாது. அலட்சியத்தின் விலைதான் பெரிது. 2013 நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளுக்குள் திருட்டு மென்பொருள் புகுந்ததைக் கருவி கண்டுபிடித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு தலைமையகத்துக்கும் அறிவித்தது. அங்கே யாரும் அசையவில்லை. சுமார் நான்கு கோடி அட்டைகளின் விவரங்கள் களவு போயின.

முகமாலையில் கண்ணிவெடி அகற்றுபவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆணிக்கும் சன்னக் கோதுக்கும் கருவி கத்துகிறது என்று அவர்கள் அதை அணைப்பதில்லை. சத்தம் வந்த இடத்தை மெல்லத் தோண்டிப் பார்க்கிறார்கள். வீட்டில் அந்தளவு பாடுபடத் தேவையில்லை. ஒவ்வொரு வகை எச்சரிக்கையையும் ஒருமுறை விசாரித்தால் போதும்: எந்தக் கருவி, எங்கே பேசியது, அந்நேரம் வீட்டில் யார் என்ன செய்தார்கள். லினக்ஸ் புதுப்பித்தல்தான் என்று தெரிந்தால், அந்த ஒரு விதியை அந்த ஒரு கணினிக்கு மட்டும் அடக்குங்கள். மற்றக் கருவிகளுக்கு அந்த விதி அப்படியே இருக்கட்டும்.

கமராவுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. 2016இல் உலகைக் கலக்கிய ‘மிராய்’, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களுக்குள்ளும் பதிவுப் பெட்டிகளுக்குள்ளும்தான் குடியேறியது. அதனால் எச்சரிக்கையைத் தொடாமல் பாதையை மாற்றினேன். அண்ணா இப்போது ‘வயர்கார்ட்’ என்ற மறைகுறியிட்ட தனிவழியாக வீட்டு வலைக்குள் வந்து கமராவைப் பார்க்கிறார். பெட்டி நேரே வெளியே பேசுவதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. ஆகவே அந்த விதி கத்தினால் எழும்பிப் பார்த்தே ஆகவேண்டும்.

இதையெல்லாம் அம்மாவால் செய்ய முடியாது. வீட்டில் எப்போதும் இருப்பவரோ அவர்தான், எச்சரிக்கை வருவதோ ஆங்கிலத்தில். கமரா விற்பவர்கள் பழைய கடவுச்சொல்லை மாற்றாமல் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: நம் வீடுகளில் அடிக்கடி வரும் எச்சரிக்கைகள் எவை, எதற்குப் பயப்பட வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று தமிழில் ஒரு சிறு கையேடு எழுதித் தாருங்கள். என்னிடம் இருக்கும் பதிவுகள் எல்லாவற்றையும் தருகிறேன்.