கட்டிலில் விரிப்பது துணியா, பிளாஸ்டிக்கா?



பெருநாளைக்கு உடுப்பு எடுப்பதென்றால் நாம் கல்முனையில் பத்துக் கடை ஏறி இறங்குவோம். துணியைத் தடவிப் பார்ப்போம், கசக்கிப் பார்ப்போம், சாயம் போகுமா என்று கேட்போம். ஆனால் பெட்சீட் வாங்கும்போது பூ அழகாக இருக்கிறதா, விலை குறைவா என்ற இரண்டு கேள்வியோடு விடயத்தை முடித்துவிடுகிறோம். பெருநாள் உடுப்பை வருடத்தில் எத்தனை நாள் உடுத்துகிறோம்? பெட்சீட்டில் ஒவ்வொரு இரவும் ஆறேழு மணித்தியாலம் உடம்பு கிடக்கிறது. படுக்கையில் விழுந்த மூத்தவர்களுக்கு 24 மணித்தியாலமும் அதிலேதான்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நமது பக்கத்து வெக்கைக்குப் பருத்திதான் பொருத்தம். மலிவான ஆறு பெட்சீட்டை விட நல்லது மூன்று போதும். அந்த மூன்றில் ஒன்றாவது நமது மருதமுனைத் தறியில் நெய்ததாக இருக்கட்டும்.

இப்போது கடைகளில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி பொலியெஸ்டர். மைக்ரோபைபர் என்பதும் பெரும்பாலும் அதே பொலியெஸ்டர்தான், இழை மட்டும் மிக மெல்லியது. பெற்றோலியத்திலிருந்து வருகிற ஒரு வகைப் பிளாஸ்டிக் அது. தண்ணீர்ப் போத்தல் செய்கிற பிளாஸ்டிக்கும் இதுவும் ஒரே குடும்பம். சட்டின் என்றால் அது நூலின் பெயரல்ல, நெசவின் பெயர். பருத்தியிலும் சட்டின் நெய்யலாம், பொலியெஸ்டரிலும் நெய்யலாம். ஆகவே பளபளப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "சொப்ட் கொட்டன்", "கொட்டன் டச்" என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தால் அதோடு நின்றுவிடாமல், சிறிய எழுத்தில் எத்தனை வீதம் பருத்தி என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அது இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்? சாதாரண காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 வீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். பொலியெஸ்டர் அரை வீதம்கூட வாங்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரவில் மின்சாரமும் போனால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பருத்தி விரிப்பு வியர்வையை உறிஞ்சிக் காற்றில் விடும். பொலியெஸ்டர் விரிப்பில் வியர்வை முதுகுக்கும் துணிக்கும் இடையில் நிற்கும். கைக்குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு போட்டால் நாம் பவுடரைத் தேடுகிறோமே தவிர, பிள்ளை எதில் படுத்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

படுக்கையில் இருக்கும் நோயாளிகள் விடயம் இதைவிடப் பாரதூரமானது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தோல் ஊறிப்போகும், படுக்கைப்புண் சீக்கிரம் வரும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வந்த புண் ஆறுவதும் கஷ்டம். பெட்சீட் மட்டும் புண்ணைத் தடுக்காது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டும். ஆனாலும் துணிக்கும் அதில் பங்கு உண்டு. மௌத்தானவருக்குக் கபன் எடுக்கும்போது வெள்ளைப் பருத்தித் துணியைத் தேடிப் போகிறோம். உயிரோடு படுத்திருக்கும் உம்மாவுக்கு வழுக்கும் பிளாஸ்டிக்கை விரிக்கிறோம். இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? தரம் 8 பிள்ளைகளிடம் வீட்டுப் பெட்சீட்டின் ஓரத்திலிருந்து ஒரு நூல் எடுத்துவரச் சொன்னோம். இரும்புத் தட்டுக்கு மேல், இடுக்கியில் பிடித்து, ஆசிரியரே நெருப்பு வைத்தார். பருத்தி நூல் கடதாசி எரிவது போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலானது. பொலியெஸ்டர் சுருங்கி, உருகி, கறுத்த புகையோடு கல்லுப் போன்ற சிறு மணியாக உருண்டது. இரண்டும் கலந்தது எரிந்த பிறகு சாம்பலுக்குள் கட்டி தட்டுப்பட்டது. "கொட்டன்" என்று நம்பிக் கொண்டுவந்த நூல்களில் பல உருகித்தான் போயின. வீட்டில் செய்தால் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். உருகிய துளி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

கடையில் நெருப்பு வைக்க முடியாது. அங்கே துணியை உள்ளங்கையில் அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விடுங்கள். நன்றாகக் கசங்கினால் பருத்தி அதிகம், கசங்காவிட்டால் பெரும்பாலும் பொலியெஸ்டர். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் நெசவு ஐது. இரண்டு விரலால் தேய்க்கும்போது வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அது கஞ்சியின் தடிப்பு, இரண்டு கழுவலில் போய்விடும்.

இன்னொரு ஏமாற்று, நூல் எண்ணிக்கை. ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்காகவும் குறுக்காகவும் ஓடும் நூல்களின் மொத்தம்தான் அது. நல்ல பருத்தியில் 200 முதல் 400 வரை இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 1000, 1500 என்று போட்டிருப்பதெல்லாம் முறுக்கிய ஒரு நூலுக்குள் இருக்கும் இழைகளைத் தனித்தனியாக எண்ணிக் கூட்டிய கணக்காகவே பெரும்பாலும் இருக்கும். கணக்குப் பாடத்தில் பிள்ளை இப்படிக் கூட்டினால் நாங்கள் பிழை போடுவோம்.

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பருத்தி விலை கூட. மாரி மழையில் காய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். கசங்கும், முதல் கழுவலில் கொஞ்சம் சுருங்கும். ஆகவே மெத்தையின் அளவுக்குச் சரியாக அல்லாமல் சில அங்குலம் கூட்டியே வாங்க வேண்டும். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில், படுக்கையை நனைக்கும் சின்னவனும் இருந்தால், சீக்கிரம் காயும் துணி வேண்டும் என்று ஒரு தாய் சொன்னால் அதில் பிழையில்லை. அப்படியானவர்கள் பருத்தி வீதம் கூடிய கலப்புத் துணியை எடுக்கலாம். ஆனால் கலப்புத் துணி நாள்பட உருண்டை உருண்டையாகப் பொங்கும். பருத்தி இழை அறுந்தாலும் பொலியெஸ்டர் இழை அதை விடாமல் பிடித்து வைத்திருப்பதே காரணம். விலையைப் பார்க்கும்போது எத்தனை வருடம் உழைக்கும் என்பதையும் பாருங்கள். இரண்டு மடங்கு விலைக்கு வாங்கியது மூன்று மடங்கு காலம் உழைத்தால் அதுதான் மலிவு.

இனி மருதமுனைக்கு வருவோம். ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்காத ஒழுங்கை அங்கே இல்லை. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி குவிந்தபோது முதல் அடி விழுந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து ஆட்களையும் வீடுகளையும் தறிகளையும் கொண்டு போனது. 2022 இல் ரூபா விழுந்தபோது, வெளியிலிருந்து வரும் நூலும் சாயமும் எட்டாத விலைக்குப் போயின. இவ்வளவுக்குப் பிறகும் நெய்கிறார்கள் என்றால் அது அவர்களுடைய பிடிவாதம். அந்தப் பெட்சீட் முதலில் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். கழுவக் கழுவ மெதுமையாகும். முதல் இரண்டு தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் சாயம் மற்ற உடுப்பில் படாது.

இரக்கப்பட்டு வாங்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நெசவாளர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. கைத்தறி என்றால் எப்படி நெய்தது என்றுதான் அர்த்தம், எதில் நெய்தது என்பதல்ல. தறியிலும் கலப்பு நூல் ஓடலாம். ஆகவே எத்தனை வீதம் பருத்தி, எத்தனை அங்குலம் என்று ஒரு சிறு துண்டில் எழுதித் தையுங்கள். இயந்திரத்தில் நெய்ததைக் கைத்தறி என்று விற்காதீர்கள். அளவையில் மோசடி செய்யக்கூடாது என்று சொல்லி வளர்ந்த சமூகம் நாம்.

கடைசியாகக் கலியாண வீடுகள். குமரைக் கரைசேர்க்கும் வாப்பா கடன்பட்டு எட்டு, பத்து பெட்சீட் செற் எடுக்கிறார். அறையை வந்து பார்ப்பவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாம். பாதி பெட்டியோடு அலுமாரியில் பழுதாகிறது. அந்தக் காசில் நல்ல பருத்தி மூன்று எடுத்துக் கொடுத்தால் மகள் வருடக்கணக்கில் நிம்மதியாகத் தூங்குவாள், வாப்பாவுக்கும் கடன் குறையும். எண்ணிப் பார்க்கிறவர்கள் எண்ணிவிட்டுப் போகட்டும்.

இதை வாசிக்கும் நெசவுக் குடும்பத்தினர் இருந்தால் உங்களிடம் என்ன அளவில், என்ன நூலில் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். வாங்கிப் பாவித்தவர்கள் நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள். நாலு பேருக்குப் பிரயோசனமாக இருக்கும்.