பெரிய பை வேண்டுமா, போதிய பை வேண்டுமா?

சென்ற இதழ் அச்சுக்குப் போன மறுநாள், மாதுங்காவில் நெடுங்காலமாக வசித்துவரும் அம்மையார் ஒருவர் நம் இல்லத்துக்கு வந்தார். அவருடைய இளைய புதல்வன் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே கடலில் முழுகப் பயிற்சி பெற்று வருகிறானாம்.

"தம்பி, குளிர்ந்த கடலில் இறங்கப் போகிறேன் என்கிறான். கடையில் இரண்டு மிதவைப் பைகள் இருக்கின்றனவாம். பெரியதை வாங்கிவிடுகிறேன், பயப்பட வேண்டாம் என்கிறான். பெரியது என்றால் பயமில்லைதானே?" என்று கேட்டார்.

நாம் கடலில் முழுகியவரல்லோம். பார்சல் ஆபீஸில் மூட்டைகளை நிறுத்துக் காலம் கழிப்பவர். ஆயினும் கேள்வி எடையைப் பற்றியது. ஆகவே அவ்விளைஞனோடு தொலைபேசியில் பேசி அளவுகளைக் குறித்துக்கொண்டோம். பயிற்சி நூல்களையும் படித்தோம். தூர தேசங்களில் பிள்ளைகளை உடைய குடும்பங்கள் நம்மில் பல இருப்பதால், அறிந்ததை இங்கு எழுதுகிறோம்.

அவன் போக விரும்பும் இடம் ஆர்க்னித் தீவுகளின் நடுவே உள்ள ஸ்காப்பா ஃப்ளோ என்னும் கடற்பரப்பு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியக் கப்பல்கள் 74 அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்தன. 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியத் தளபதியின் ஆணைப்படி மாலுமிகளே அவற்றை மூழ்கடிக்க முற்பட்டனர். 52 கப்பல்கள் மூழ்கின. பிற்காலத்தில் பெரும்பாலானவை தூக்கி எடுக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் மூன்று பெரும் போர்க்கப்பல்களும் நான்கு குரூஸர்களும் அடங்கும். சில 45 மீட்டர் ஆழம் வரை கிடக்கின்றன.

அக்கடல் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். காற்றைக் காட்டிலும் நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். ஆதலால் கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாமல் இறுக்கிய 'உலர் உடை' தரிக்கிறார்கள். உள்ளே கம்பளி போன்ற தடித்த ஆடை. அதில் தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. காற்றை ஏற்ற மார்பில் ஒரு வால்வும், வெளியேற்றப் பெரும்பாலும் இடது மேற்கையில் ஒரு வால்வும் உண்டு.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நம்மவர் கல்லின் கனத்தால் இறங்கினர். தோணியில் இருந்தவர் கயிற்றால் மேலேற்றினர். இக்காலத்தவருக்குக் கல்லின் இடத்தில் ஈயக் கட்டி. கயிற்றின் இடத்தில் முதுகிலுள்ள மிதவைப் பை.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது. காற்றின் பருமன் பாதியாகிறது. உடை உடலைக் கவ்விப் பிடிக்கும். அப்போது சிறிது காற்று ஏற்ற வேண்டும். மேலேறும்போது அதே காற்று விரியும். விடாவிட்டால் மனிதனைத் தூக்கிச் செல்லும். உடையில் காற்று மிகுந்து கால் பக்கம் ஓடிவிட்டால் கால் மேலாகவும் தலை கீழாகவும் ஆகிவிடும். கையிலுள்ள வால்வு பயன்படாது. அவ்வாறு வேகமாக மேலெழுவது நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் பேராபத்து.

நீருக்குள் உடையின் காற்றாலேயே மிதப்பைச் சரிசெய்க என்பர் ஆசிரியர் சிலர். உடைக்குக் கவ்வல் நீங்கும் அளவே காற்று, மற்றதற்குப் பை என்பர் வேறு சிலர். கற்பித்த ஆசிரியர் முறையே மாணவனுக்கு முறை. ஆனால் பையைத் தெரிந்தெடுக்கும் கணக்கு இருவருக்கும் ஒன்றே. நல்ல வேளைக்கன்று, உடை கிழிந்து நீர் புகும் கெட்ட வேளைக்கே அதை வாங்குகிறோம்.

உள்ளே புகுந்த நீர் மனிதனைக் கீழே இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நீருக்குள் நீருக்கு எடையில்லை. காற்றால் கிடைத்த மிதப்பு போய்விடுவதே இடையூறு. கரையேறும்போதுதான் அந்நீர் கனக்கும்.

இளைஞன் தன் உடையையும் உள்ளாடையையும் நீச்சல் குளத்தில் அமிழ்த்திப் பார்த்தான். 9 கிலோ ஈயம் தேவைப்பட்டது. அவனுடைய 12 லிட்டர் சிலிண்டரில் 232 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடை ஏறக்குறைய 3.4 கிலோ. காற்று 50 பாராகக் குறைந்த நிலையிலும் நீருக்குள் நிலையாக நிற்கும்படியே ஈயம் கட்டுவதால், தொடக்கத்தில் மிகை எடை சுமார் 2.7 கிலோ. ஆகக் கூடுதல் 11.7. நீர்மட்டத்துக்கு மேல் தலை நிற்க ஒரு 4 கிலோ சேர்த்தால் 16 கிலோவுக்குள் அடங்குகிறது. கடையிலிருந்த பைகளோ 17 கிலோ தூக்குவது ஒன்று, 27 கிலோ தூக்குவது ஒன்று. சிறியதே போதும்!

பெரியதால் தீங்கென்ன? அது இரட்டைச் சிலிண்டருக்கு ஏற்றது. ஒற்றைச் சிலிண்டரில் அதன் ஓரங்கள் மடிந்து காற்றைச் சிறைப்பிடிக்கும், வேண்டியபோது விடாது. ஊதும் வால்வு சிக்கிக்கொண்டால் பெரிய பை அதிக வேகத்தில் மேலே இழுக்கும். பை கிழிந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். எஞ்சினுக்கு ஒரு பிரேக், வண்டித் தொடருக்கு ஒரு பிரேக் இருப்பதுபோல, அப்போது உடையின் காற்று கைகொடுக்கும்.

வாங்குமுன் கடையிலேயே உலர் உடையுடன் பையை அணிந்து பார்க்க வேண்டும். மார்பிலுள்ள வால்வை எந்த வாரும் மூடலாகாது. இடது கையைத் தடையின்றி உயர்த்த வேண்டும். தடித்த கையுறையுடன் கொக்கிகளைக் கழற்ற முடிய வேண்டும். பைக்கும் உடைக்கும் தனித்தனிக் காற்றுக் குழாய் இருக்க வேண்டும். ஈயம் முழுவதும் ஒரே இழுப்பில் விழுந்துவிடாதபடி இரண்டு இடமாகப் பிரித்து வைப்பது நலம். இறுதியாக, ஆசிரியர் முன்னிலையில் ஆழமற்ற நீரில் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். தாளில் போட்ட கணக்குக்கு நீர்தான் தணிக்கை அதிகாரி.

அம்மையாரிடம் இவற்றைச் சொன்னோம். "அப்படியானால் பயமில்லை என்று சொல்லுங்கள்" என்றார். "பயம் இருக்கட்டும், அம்மா, அதுதான் அவனைக் கணக்குப் போட வைத்தது" என்றோம். சிறிய பையையே வாங்கியதாக அன்றிரவே அவனிடமிருந்து செய்தி வந்தது.