ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

பயிலரங்க அழைப்பிதழ்களுக்கு மாறாத இலக்கணம் ஒன்று உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முதல்வரின் தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, தேநீர். இத்தனையும் முடிந்து ‘ஆய்வுக்கு மின்வளங்கள்’ என்ற உருப்படிக்கு வரும்போது மணி பன்னிரண்டாகியிருக்கும். சிறப்பு விருந்தினர் எண்பது ஸ்லைடு கொண்டுவந்திருப்பார். சாப்பாட்டு வாசனை வருவதற்குள் அவ்வளவையும் ஓட்டியாக வேண்டும். மாலையில் குரூப் போட்டோ, சான்றிதழ். ஆய்வு மாணவர்களுக்காக நூலகங்கள் நடத்தும் இந்த நிகழ்ச்சிகளை வைத்து ஒரு பத்தி முழுக்கக் கிண்டலடிக்கலாம். அண்மையில் தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஒரு பிற்பகல் அமர்வைப் பார்த்திராவிட்டால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த அமர்வை எடுத்தவர் அக்கல்லூரியின் நூலகர். புரொஜெக்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, “அவங்கவங்க சினாப்சிஸை எடுத்து மேசையில வைங்க” என்றார். முதலில் சிக்கியவர் பழைய பெண்கள் இதழ்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி. “இந்தத் தலைப்புல இதுவரைக்கும் யாருமே பண்ணலை மேடம். ஷோத்கங்காவுல தேடிட்டேன், ஒண்ணுமே வரலை.”

ஷோத்கங்கா என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேரும் மின்களஞ்சியம். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்துகிறது. ஆய்வேட்டை மின்வடிவிலும் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்ததிலிருந்து வளர்ந்து, இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. அங்கே ‘ஒண்ணுமே வரலை’ என்றால் உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நூலகர் ஒரு தமிழ் ஆய்வேட்டைத் திறந்தார். ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டினார். வந்து விழுந்தவை ஆங்கில எழுத்துகள்: ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடு அது. நம் கண்ணுக்குத் ‘தமிழ்’. கணினிக்கு அது பொருளற்ற ஐந்து குறிகள். யுனிகோடில் யுகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பிறகு அவர் செய்ததுதான் வித்தை. தேட வேண்டிய சொல்லை எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டுப் பாமினிக் குறிகளாக்கினார். அந்தக் கிறுக்கலை அப்படியே எடுத்துப் பிடிஎஃப்பின் தேடல் பெட்டியில் ஒட்டினார். பக்கம் பக்கமாக மஞ்சள் பூத்தது.

அடுத்து தலைப்புகள். தமிழ் ஆய்வேட்டின் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்துவைத்திருக்கும் இடங்களில் ‘பெண்’ணுக்கு ஒரு ‘என்’ போட்டவரும் உண்டு, இரண்டு போட்டவரும் உண்டு. எல்லா வடிவத்திலும் தேடியபோது இரண்டு ஆய்வேடுகள் அகப்பட்டன. ஒன்று அந்த மாணவியின் தலைப்புக்கு மிக அருகில். அவர் முகம் சுருங்கிப்போனது. “இப்பவே தெரிஞ்சதேன்னு சந்தோஷப்படும்மா. வைவாவுல தெரிஞ்சிருந்தா?” என்றார் நூலகர்.

எண்பது ஸ்லைடுகளில் இது ஒன்றில்கூட இருக்காது. அவற்றில் பெரும்பாலும் இருப்பது பெரிய பதிப்பகங்களின் தளங்களில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற பாடம். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். வேதியியல் மாணவருக்கு இது பெரும் வரம். தமிழும் வரலாறும் படிப்பவர் தேடுவதோ பழைய இதழ்த் தொகுதிகள், குறுநூல்கள், எழுத்துரு கெட்ட ஆய்வேடுகள். அவை தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேடும் வழி வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் தேடுவது இன்னொரு கலை. அங்கே தமிழ்த் தலைப்புகளை எழுத்துக்கு எழுத்து ஆங்கில எழுத்தாக மாற்றிப் பதிகிறார்கள். தலைப்பில் உள்ள பாரதியைப் பிடிக்க ‘பஸ்’ஸில் வரும் பி உதவாது, ‘பேப்ப’ரில் வரும் பி வேண்டும்.

ஸ்கேன் செய்த பழைய இதழ் என்றால் அது வெறும் படம். அதில் தேட முடியாது. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக்கித் தரும், ஓரளவு நன்றாகவே. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு வைத்த ‘லை’யையும் ‘னை’யையும் கண்டால் தடுமாறும். ‘ஔ’வை ‘ஒ’, ‘ள’ என்று பிரித்துப் போடும். போதாக்குறைக்கு யுனிகோடிலேயே ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சில மென்பொருள்களில் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ‘தேடினேன், இல்லை’ என்று ஆய்வேட்டில் எழுதுவதற்கு முன் இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் விவகாரம் தனி. ஜோட்டீரோ என்ற இலவச மென்பொருள் 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. துணைநூற்பட்டியலைத் தானே கட்டித் தரும், அருமையான கருவி. அதன் ஆசிரியர் பெட்டி குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டு கேட்கும். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்ட மாணவியின் கட்டுரைக்கு, அப்பா பெயரிலேயே மேற்கோள்கள் குவியும். மகள் கண்விழித்து எழுதியதற்கு அறிவுலகப் புகழ் தகப்பனாருக்கு! பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். நம் ஊரில் ஜோட்டீரோ நடத்துபவர்கள் முதலில் காட்ட வேண்டியது அந்தப் பொத்தானைத்தான். அடுத்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணை ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். அது காசில்லாமல் கிடைக்கும்.

மாணவர்கள் அதிகம் பயப்படுவது இதற்கெல்லாம் அல்ல, ‘பர்சென்டேஜு’க்கு. மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை குற்றமில்லை. 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக்கூடத் தர முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. ஆகவே பயிலரங்கில் தவறாமல் எழும் கேள்வி, “எப்படி சார் குறைக்கறது?” மேற்கோளை மேற்கோளாகக் காட்டி மூலத்தைச் சொன்னால் அது கணக்கில் சேராது என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை, சொல்லை மாற்றிப் போடும் தந்திரம்தான் பரவுகிறது. பாமினி ஆய்வேட்டிலிருந்து பக்கங்களை எடுத்து யுனிகோடில் தட்டினால் இயந்திரத்துக்குத் தெரியவா போகிறது? இப்போது புது வழியும் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவிடம் துணைநூற்பட்டியல் கேட்கிறார்கள். அது ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் போட்டு, பிறக்கவே பிறக்காத நூலைத் தருகிறது. அந்த நூலைக் கேட்டு வருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நூலகர்தான்.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. புதிதாக வருபவருக்கு நூலகத்தைப் பழக்கிவிடுவதையும் அவர் நூலகரின் முறையான பணியாகவே வைத்தார். நாம் அதைப் பொன்னாடைக்குப் பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்தில் அடைத்துவிட்டோம்.

இடம் இல்லாமல் இல்லை. ஆய்வு நெறிமுறை, பதிப்பு நெறிமுறை பற்றிய 2 கிரெடிட் பாடத்தை முனைவர் பட்ட மாணவர்களுக்கு மானியக் குழு 2019 டிசம்பரில் கட்டாயமாக்கியது. மொத்தம் 30 மணி நேரம். தரவுத்தளங்களும் செய்முறையும் பாடத்திட்டத்திலேயே உள்ளன. அதில் பத்து மணி நேரத்தை நூலகரிடம் கொடுக்கலாம். மாணவர் தன் சொந்தத் தலைப்போடும் சொந்த மடிக்கணினியோடும் வரட்டும், ஒரு நேரத்தில் பத்துப் பேர் போதும், சான்றிதழ் வேண்டாம். நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளில் யாரிடம் கொடுப்பது என்று கேட்பீர்கள். அதை உயர்கல்வித் துறையிடம்தான் கேட்க வேண்டும்.