விளக்கை வைத்த கை

கடந்த ஒரு மாதமாக இப்பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. காரணம் கேட்ட நண்பர்களுக்கு இப்பதிவே விடை. பெங்களூரில், நூறு இருக்கைகள்கூட இல்லாத ஒரு சிற்றரங்கில், மேடைக்குப் பின்னால் நடக்கும் ஒளியமைப்புப் பணியில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருக்கிறேன். நாடக ஆய்வில் நான்காம் ஆண்டில் இருப்பவன் இப்போது போய்க் கேபிள் சுற்றப் பழகுவதா என்று துறை நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது வேடிக்கையாக அன்று. ஆகவே விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாள் என் கையில் தரப்பட்டது உண்மையிலேயே கேபிள்தான். ஒரு சுற்றை மேலாகவும் அடுத்த சுற்றை உள்பக்கமாகத் திருப்பியும் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். ஒரே போக்கில் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கேறி நாளடைவில் அறுந்துபோகும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறி பல்பு வெடிக்கலாம். 16 ஆம்பியர் இணைப்பு ஒன்றில் 1000 வாட் விளக்குகள் மூன்றைத்தான் எரிக்கலாம். நான்காவதைச் சேர்த்தால் மின்னோட்டம் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். குழாயில் மாட்டிய ஒவ்வொரு விளக்குக்கும் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம், ஏனெனில் அதற்கு நேர் கீழேதான் நடிகர் நிற்கிறார். இவற்றைக் கற்பித்தவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொழிலில் இருப்பவர். நாங்கள் அவரை அண்ணா என்றே அழைக்கிறோம். கன்னடத்திலும் அதே சொல்தான்.

இரண்டாம் வாரத்தில் என் ஆய்வேட்டின் ஓர் இயலைத் திறந்து பார்த்தேன். ஒரு நாடகத்தில் மேடை இரண்டு ஒளித்திட்டுகளாகப் பிரிந்திருந்ததைச் சமூகப் பிளவின் குறியீடு என்று மூன்று பக்கங்களுக்கு விளக்கியிருந்தேன். அந்த அரங்கில் எத்தனை விளக்குகள் இருந்தன, எத்தனை டிம்மர்கள் வேலை செய்தன என்று அப்போது யாரிடமும் கேட்கவில்லை. என் விளக்கம் பிழையென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிளவு இயக்குநரின் தேர்வா, ஒளியமைப்பாளரின் யோசனையா, ஆறே விளக்குகள் இருந்ததன் விளைவா என்பதை அறியாமலேயே அதற்குப் பொருள் கூறியிருக்கிறேன். இதை ஆய்வுக் குறைபாடு என்றே கருதுகிறேன்.

ஒளியமைப்பு என்பது பிறர் ஆக்கிய கலைக்குச் செய்யும் ஏவல் வேலையன்று. 1959இல் கொல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத் மேடையேற்றிய ‘அங்கார்’ நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் காட்சியைத் தாபஸ் சென் ஒளியைக் கொண்டே உருவாக்கினார். அந்நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் இன்றும் முதலில் நினைவுகூர்வது அக்காட்சியைத்தான். ஆனால் தாபஸ் சென்னின் பெயர் நமக்குக் கிடைத்தது அரிதான விதிவிலக்கு.

நம் மரபிலேயே இதற்குப் பழைய சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கின் அளவுகளைத் தருகிறது. மூவகை எழினிகளைச் சொல்கிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. எங்கள் சிற்றரங்கில் ஒவ்வொரு மாலையும் நாங்கள் போராடுவது அதே நிழலோடுதான். ஆனால் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே விரித்துரைக்கும் அக்காதை, விளக்கை நிறுத்தியவரின் தகுதி என்னவென்று சொல்லவில்லை. நிழல் விழாமல் விளக்கு வைப்பதும் ஓர் அறிவு. ஆனால் அதை உடையவருக்கு அங்கே இடமில்லை.

இன்றும் அவருக்கு இடம் எளிதில் கிடைப்பதில்லை என்பதை இந்த மாதம் நேரில் கண்டேன். என்னோடு சேர்ந்த மற்றொருவர் வணிகவியல் இளநிலை மாணவர். என்னைவிடக் கை தேர்ந்தவர். ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பினால் ஒளி விழ வேண்டிய இடத்தில் விழும். பயிற்சிக்கு ஊதியம் இல்லை, அனுபவமே ஊதியம் என்பது ஏற்பாடு. ஒத்திகை முடிய இரவு பத்து மணிக்கு மேலாகும். கடைசிப் பேருந்து போய்விட்டால் ஆட்டோவுக்கு அவர் கொடுத்த பணம், பகுதிநேர வேலையில் அன்று ஈட்டியதைவிட அதிகம். மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. நான் தொடர்கிறேன். எனக்கு மாதந்தோறும் ஆய்வு உதவித்தொகை வருகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அரங்கத்தாரைக் குறை சொல்வது எளிது. தொண்ணூறு இருக்கைகளும் நிறைந்து, டிக்கெட் இருநூறு ரூபாய்க்கு விற்றாலும் வசூல் பதினெட்டாயிரம்தான். வாடகை, மின்கட்டணம், நடிகர்களின் போக்குவரத்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அண்ணாவுக்கே காட்சிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இந்நிலையில் முழுச் சுமையையும் அரங்கின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் பொறுப்பு உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020க்குப் பின் இளநிலைப் படிப்புகளில் உள்ளகப் பயிற்சிக்கு கிரெடிட் தருகிறோம். கிரெடிட் தரும் நிறுவனம் பயணப்படியையும் இரவுணவையும் ஏன் ஏற்கக் கூடாது? 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், தன் வரம்புக்குள் வரும் பழகுநருக்கு உதவித்தொகை வழங்குவதைக் கட்டாயமாக்குகிறது. தொழிற்சாலையில் பழகுபவருக்கு ஒப்புக்கொண்ட நெறியைக் கலையின் பெயரால் மறுப்பது முறையாகாது. வசதியுள்ளவர் மட்டுமே ஊதியமின்றிப் பழக முடியும் என்றால், நாளைய ஒளியமைப்பாளர் யார் என்பதை இன்றைய ஆட்டோ கட்டணமே முடிவுசெய்துவிடும்.

ஆய்வாளர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு மேடையேற்றத்தைப் பற்றி எழுதும்போது ஒளி, ஒலி, அரங்கப் பொருள் ஆகியவற்றைக் கவனித்தவர்களின் பெயர்களைக் கேட்டுப் பதிவுசெய்வோம். ஒளிமாற்றக் குறிப்புத் தாளைப் பிரதியோடு சேர்த்து ஆவணமாகக் கருதுவோம். நாடகத் துறைகள் ஆய்வு மாணவர்களை ஒரு மாதமேனும் மேடைக்குப் பின்னால் அனுப்பட்டும். எழுதிய இயலைத் திருத்தும் வாய்ப்பு அங்கே கிடைக்கும் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

நேற்று அந்த மாணவரிடம் தொலைபேசியில் பேசினேன். தேர்வு முடிந்தால் வருகிறேன் என்றார். அவர் வரும்போது இரவில் வீடு திரும்பும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். உங்கள் துறைகளில் இதற்கு ஏதேனும் வழி செய்திருந்தால் இங்கே எழுதுங்கள். அரங்கத்தாரிடமும் என் துறையிடமும் எடுத்துச் செல்கிறேன்.