மில்லியில் விற்று, கிராமில் கணக்கா?



ஐஸ்கிரீமும் ஃப்ரோசன் டெசர்ட்டும் ஒன்றல்ல என்று விளக்கிய தங்கள் இதழின் கட்டுரையை முழுமனதோடு வரவேற்கிறேன். சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஃப்ரோசன் டெசர்ட்டில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்க்கிறார்கள். கடை ஃப்ரீசரில் இரண்டும் அருகருகே, ஒரே மாதிரி டப்பாவில் கிடக்கின்றன.

கட்டுரையில் இடம்பெறாத குறை ஒன்று உண்டு. டப்பாவை மில்லிலிட்டரில் விற்கிறார்கள். சத்துப் பட்டியலைப் பெரும்பாலும் 100 கிராமுக்குப் போடுகிறார்கள். காற்றைச் சேர்த்துக் கடைந்து செய்யும் பண்டம் இது. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக்கூடாது என்றுதான் விதியே சொல்கிறது. அப்படியிருக்க, 100 மில்லி கப்பை 100 கிராம் என்று எண்ணினால் சர்க்கரைக் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். எப்போதாவது ஒரு கரண்டி கேட்பார். அதில் எவ்வளவு சர்க்கரை என்று பார்க்க அரை லிட்டர் டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்தேன்; முந்நூறு கிராம்கூட இல்லை. பொடி எழுத்திலிருந்த பட்டியலைப் படிக்க அவருடைய கண்ணாடியும் உதவவில்லை.

மில்லியோடு எடையையும், ஒரு கப்புக்கான சர்க்கரை, கொழுப்பு அளவையும் பெரிய எழுத்தில், தமிழிலும் டப்பாவின் முன்பக்கம் அச்சிட வேண்டும். எந்தப் பட்டியலும் இல்லாமல் கரண்டியால் எடுத்துத் தரும் ஐஸ்கிரீம் கடைகளும் இந்த விவரங்களை எழுதி வைக்க, உணவுப் பாதுகாப்புத் துறை உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.