எடையை முதலில் சொல்லுங்கள்

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி வெல்ல மண்டிக்குப் பெயர்போன ஊர். அந்தப் பக்கத்தில் புதிதாக ஆலைக்கொட்டகை போடுபவர் முதலில் அடுப்பை முடிவு செய்தாக வேண்டும். ஒற்றைக் கொப்பரை அடுப்புக்குச் செலவு குறைவு. பழுதானால் உள்ளூர்க் கொத்தனாரே சரிசெய்துவிடுவார். ஆனால், சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே வீணாகும். பல கொப்பரை அடுப்பில் அதே புகை, வெளியேறும் முன் அடுத்தடுத்த கொப்பரைகளில் இருக்கும் கரும்புச் சாற்றையும் சூடாக்கும், அடுப்பெரிக்கும் சக்கை மிச்சமாகும். அதற்கு முதலும் பராமரிப்பும் கூடுதல். ஒவ்வொன்றிலும் ஒரு நன்மை இருக்கும்போது எதை எடுப்பது? ஒவ்வோர் அம்சத்துக்கும் அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடை கொடுத்து, மதிப்பெண்ணை அதனால் பெருக்கிக் கூட்டுவது பொறியாளர்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் எடையை யார், எப்போது முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் அதன் நேர்மை இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதலீடு, எரிபொருள் சிக்கனம், பழுதுபார்க்கும் எளிமை ஆகியவற்றில் ஒற்றைக் கொப்பரைக்கு ஐந்துக்கு முறையே 5, 2, 5. பல கொப்பரைக்கு 2, 5, 3 என்று வைப்போம். கையில் காசு குறைந்தவர் 50, 20, 30 என எடை வைத்தால் ஒற்றைக் கொப்பரை 440, மற்றது 290. சக்கை போதாமல் விறகு வாங்குபவர் 20, 60, 20 என வைத்தால் ஒற்றைக் கொப்பரை 320, மற்றது 400. மதிப்பெண் ஒன்றுகூட மாறவில்லை. முடிவு மட்டும் தலைகீழ். ஆக, எடை என்பது கணிதம் அல்ல, நம் தேவையின் அறிக்கை. விடை தெரிந்த பிறகு அதைத் திருத்தினால் அட்டவணை வெறும் ஒப்பனையாகிவிடும். அரசு ஒப்பந்தங்களிலும் எடைக்கு முன்கூட்டியே வரம்பு உண்டு: மத்திய நிதியமைச்சகத்தின் 2021 அக்டோபர் வழிகாட்டுதல்படி, கட்டுமானப் பணிகளில் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும்போது விலை சாராத அம்சங்களின் எடை 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

‘எல்லாமே ஊகம், அனுபவசாலியின் கண்ணுக்கு இந்த எண்கள் எதற்கு?’ என்று கேட்கலாம். தொடக்க நிலையில் ஊகம் தவிர்க்க முடியாததுதான். எழுதிவைத்த ஊகத்தை மறுத்துப் பேசலாம். மனதுக்குள் இருக்கும் ஊகத்தை எப்படி மறுப்பது? பெரிய குறையைக் கூட்டல் மூடிமறைத்துவிடும் என்பது இதைவிட வலுவான எதிர்வாதம். பலத்த காற்றடித்தால் பழனி ரோப்காரை நிறுத்திவிடுகிறார்கள். பயணி மிச்சப்படுத்தும் நேரத்தைப் பாதுகாப்போடு கூட்டிக் கழிப்பதில்லை. பாதுகாப்பு போன்றவை அட்டவணைக்கு வெளியே, தேறியதா இல்லையா என்ற வாசற்படியாகவே இருக்க வேண்டும். மதிப்பெண்களே ஊகம் என்பதால், பத்து இருபது புள்ளி வித்தியாசத்தையும் வெற்றியென்று கொள்ளக் கூடாது. பிரிட்டன் வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் பியூ, ஒரு வடிவத்தை அளவுகோலாக வைத்து மற்றவை அதைவிட மேலா, கீழா, சமமா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். ஒன்றின் நல்ல அம்சத்தை இன்னொன்றில் சேர்த்துப் புதிய வடிவம் பிறக்கவும் அது வழிவிடும்.

மண்டியில் எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவது மூட்டை தராசில் ஏறுவதற்கு முன்புதான். ஊராட்சித் திட்டமானாலும் கல்லூரி மாணவரின் வடிவமைப்பானாலும் எடைகளை முதலில் அறிவிக்கட்டும். அடுப்புகள் பிறகு தராசில் ஏறட்டும்.